அட்வான்ஸ் அண்ணன் வாங்கிய வீடு

மின்கட்டணச் சீட்டு வீட்டுக்கு வருவதற்கு முன்பே அலுவலகத்துக்குப் போய், "எங்களுக்கு எவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்கிற ஆள் அந்தத் தெருவில் ஒருவர்தான். பால்காரருக்கு மாதம் பிறக்கும் முன்பே பணம் போய்விடும். வாடகையோ, முதல் தேதிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே வீட்டுக்காரம்மாவின் கணக்கில் ஏறி உட்கார்ந்திருக்கும். தெருவில் அவருக்கு 'அட்வான்ஸ் அண்ணன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது கேலியா மரியாதையா என்று அவர் மனைவிக்கு இன்றுவரை தெரியவில்லை. பாதிப் பாதி இருக்கும் என்று வைத்துக்கொண்டாள்.

அவர் சூடு கண்ட பூனை. எட்டு வருடம் முன்பு அவருக்குச் சொந்தமாக ஒரு சோபா பட்டறை இருந்தது. ஒரு ஹோட்டல் தன் எல்லா அறைகளுக்கும் நாற்காலி கேட்டது. நாற்காலிகள் போய்ச் சேர்ந்தன. பணம் வருவதற்குள் ஹோட்டல் இழுத்துப் பூட்டப்பட்டது. பஞ்சு கொடுத்தவர், துணி கொடுத்தவர், மரம் கொடுத்தவர் என்று எல்லாரும் ஒரே வாரத்தில் வாசலுக்கு வந்தார்கள். கடைசியில் கோர்ட்டில் திவால் மனு. "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாராமே" என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தக் கடுதாசியை அவள் பார்த்திருக்கிறாள். வெள்ளையாகத்தான் இருந்தது.

இப்போது அவர் பேருந்து இருக்கைகள் தைக்கும் தொழிற்சாலையில் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறார். அவளுக்குத் தையல் வேலை, வீட்டிலேயே. வீடு இரண்டாம் மாடியில். நேர் கீழே ஒரு ரெடிமேட் கடை. நீளம் குறைக்க வேண்டிய பேன்ட்டுகளைக் கடைக்காரர் கூடையில் போட்டு, "அக்கா, இழுங்க!" என்று குரல் கொடுப்பார். அவள் ஜன்னல் வழியே கயிற்றை இழுத்து மேலே எடுத்து, தைத்து, அதே கூடையில் இறக்குவாள். கயிறு அவள் உள்ளங்கையில் கோடு போட்டிருந்தது.

"ஜன்னலுக்கு மேல ஒரு கப்பி மாட்டிக் கொடுங்களேன்" என்று அவள் கேட்காத வருடம் இல்லை.

"அடுத்தவங்க சுவர்ல நாம ஓட்டை போடறதா?" என்பதே அவர் பதில். கப்பி வாங்கி வைத்தது மட்டும் நடந்தது. ரொக்கம் கொடுத்து வாங்கிய கப்பி அலமாரியில் தூங்கியது.

வருட நடுவில் வீட்டுக்காரம்மா போன் செய்தாள். "வீட்டை விக்கப் போறேன். நீங்க வாடகையில ஒரு நாள் தவறினதில்ல, அதனால முதல்ல உங்களைக் கேக்கறேன். வருஷக் கடைசி வரைக்கும் பொறுப்பேன். அதுக்கு மேலன்னா ஒரு ஆடிட்டர் ஆபீஸ் போடறதுக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரு."

அவள் போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். வீடு போனால் வேறு வீடு கிடைக்கும். கூடை போனால் கடை கிடைக்காது. குடும்ப வருமானத்தில் பாதி அந்தக் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுடைய தம்பிக்கு வேலையே கடன் தரகு. வங்கிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன். பட்டறையோடு சேர்ந்து அவன் பைக்கும் ஜப்தியில் போயிருந்தது, அது பட்டறைப் பெயரில் பதிவாகியிருந்ததால். அதைச் சொல்லாமல் அவன் அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

"மாமா, பேங்க்ல உங்க பேரைப் போட்டுப் பாத்தேன்."

"திவால் காட்டுதா?"

"அது மங்கிப் போச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல, அதுதான் பிரச்சினை. ஒரு கடன் இல்ல, கார்டு இல்ல, தவணை இல்ல. அவங்களைப் பொறுத்தவரைக்கும் நீங்க செத்துப் போன ஆளு."

"கடன் வாங்காதவன் செத்தவனா?"

"கடனை வாங்கி ஒழுங்காத் திருப்பிக் கட்டினாத்தான் உசுரோட இருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியும். என் பைக்கைத் தூக்கிட்டுப் போனாங்களே, அந்தப் பாவத்துக்காகவாவது நான் சொல்றதைக் கேளுங்க. ஏதாவது ஒண்ணைத் தவணையில வாங்குங்க. ஆறு மாசம் மாசாமாசம் கட்டுங்க. அப்புறம் நான் பாத்துக்கறேன்."

துணி துவைக்கும் இயந்திரம் என்று முடிவாயிற்று. கடையில் நின்றபோது அதன் முழு விலையும் அவர் சட்டைப் பையில் இருந்தது. "ரொக்கம்னா தள்ளுபடி உண்டு சார்" என்றான் விற்பனையாளன். அவர் கை தானாகப் பைக்குப் போயிற்று. அவள் முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

"தவணைதான் வேணும்" என்றார் அவர், பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி. வெளியே வந்ததும், "காசைக் கையில வச்சுக்கிட்டுக் கடன் கேக்கறோம். அவன் நம்மளைப் பைத்தியம்னு நெனச்சிருப்பான்" என்றார்.

"நெனச்சா நெனச்சுக்கட்டும். நமக்கு வீடு வேணும்."

கல்லூரியில் படிக்கும் மகள் அந்த இயந்திரத்துக்குச் 'சாட்சி' என்று பெயர் வைத்தாள். மூன்று மாதம் அவர் அதைத் தொடவில்லை. தன் சட்டையைத் தானே வாளியில் முக்கி அலசினார். கேட்டால், "அது இன்னும் கடைக்காரன் மெஷின்" என்றார்.

"அப்போ எங்க துணி மட்டும் கடன்ல வெளுக்கலாமாப்பா?" என்றாள் மகள்.

அவர் சிரிக்கவில்லை. இயந்திரம் சுற்றும்போது செய்தித்தாளை மடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடு பாதியில் நின்றுவிடும். போகப் போகப் பழகிவிடும் என்று அவள் நினைத்தாள். அங்கேதான் அவள் கணக்குத் தப்பிற்று.

நான்காம் மாதம் ஒரு சனிக்கிழமை, அவர் சீழ்க்கையடித்துக்கொண்டே படியேறி வந்தார். வாசலிலேயே சட்டையைக் கழற்றினார். நேராகப் போய் இயந்திரத்தின் மூடியைத் திறந்து அதை உள்ளே போட்டார்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

"கட்டிட்டீங்களா?"

"ஓவர்டைம் பணம் வந்துச்சு. மொத்தமும் முடிச்சுட்டேன்" என்றார், பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி.

விஷயம் தெரிந்து வந்த தம்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "ஆறு மாசம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே மாமா!"

"கடனைக் கட்டறது தப்பாடா?"

"கட்டறது தப்பில்ல, முடிச்சதுதான் தப்பு. மூணே மூணு தவணை. அதை வச்சுக்கிட்டு நான் யார்கிட்டப் போய் நிப்பேன்? வெண்ணெய் திரண்டு வர்ற நேரம் பாத்துத் தாழியை உடைச்சுட்டீங்களே!"

அவள் பேன்ட் தைக்கப் போனாள். அன்று இறக்கிய கூடை கொஞ்ச நேரத்தில் திரும்பவும் ஆடியது. கீழிருந்து கடைக்காரர் கத்தினார்: "அக்கா, ஒரு கால் ஏறியும் ஒரு கால் இறங்கியும் இருக்கு! நொண்டிக் கொக்குக்கா தச்சீங்க?"

புதிதாக ஒரு தவணை ஆரம்பித்து ஆறு மாதம் கட்ட வருடத்தில் நாள் மிச்சமில்லை. "சும்மா கேட்டுப் பாப்போம், அடிக்கவா போறாங்க" என்று தம்பி இருவரையும் வங்கிக்கு அழைத்துப் போனான்.

அதிகாரி அம்மாவுக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே கணினியைப் பார்த்தாள். "மூணு தவணை தேதிக்கு முன்னாடியே வந்திருக்கு. நாலாவது மாசம் மொத்தமும். ஏன்?"

தம்பி தயாராக ஒரு கதை வைத்திருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவர், "தூக்கம் வரல மேடம்" என்றார்.

"என்னது?"

"கடன் இருந்தா எனக்குத் தூக்கம் வராது. அந்த மெஷின் ஓடற சத்தம், பஞ்சுக்காரர் கதவைத் தட்டற மாதிரியே இருந்துச்சு."

தம்பி மின்விசிறியைப் பார்த்தான்.

"துணி தொவைக்கிற மெஷினுக்கே இப்படின்னா, இருபது வருஷ வீட்டுக் கடனுக்கு எப்படித் தூங்குவீங்க?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள்தான் சொன்னாள். "தூங்க மாட்டாரு மேடம். ஆனா கட்டிடுவாரு."

அதிகாரி கைக்குட்டைக்குள் தும்மினாளா சிரித்தாளா என்பது தெரியவில்லை. சம்பளச் சீட்டுகளையும் எட்டு வருட வாடகைக் கணக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வருடம் முடியச் சில வாரங்கள் இருக்கும்போது கூப்பிட்டார்கள். கடன் உண்டு. மாறாத வட்டி, அதுவும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட. அதோடு ஒரு நிபந்தனை: முதல் ஐந்து வருடத்துக்குத் தவணைக்கு மேல் ஒரு காசு கட்டக்கூடாது; கட்டினால் அபராதம்.

"சீக்கிரம் கட்டறவங்களால எங்களுக்கு வட்டி போயிடுது" என்றாள் அதிகாரி. ஜலதோஷம் சரியாகியிருந்தது.

"அப்போ அஞ்சு வருஷம் நான் கடன்காரனாவே இருந்தாகணும்."

"ஆமாம்."

அவர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். மனைவியைப் பார்த்து, "வேற வீடு பாத்தா கூடைக்கு என்ன பண்ணுவே?" என்றார்.

"வேற எந்த ஜன்னலுக்குக் கீழயும் நம்ம ரெடிமேட் கடை இல்லீங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு பக்கத்திலும் போடச் சொன்னார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் போட்டார்.

முதல் தவணை ஐந்தாம் தேதி. அவர் முதல் தேதியே பணத்தோடு வங்கியில் போய் நின்றார். "அஞ்சாம் தேதி கணக்குல இருந்து தானா எடுத்துக்கும், வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நடுவில் இருந்த நாட்களில் குட்டி போட்ட பூனை மாதிரி இரண்டு அறைக்கும் நடந்தார். பணம் எடுத்துக்கொண்டதாகப் போனில் செய்தி வந்ததும் அதை மகளிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார்.

பிறகு வெளியே போய் ஒரு துளையிடும் கருவியோடு வந்தார். இரவல் இல்லை, வாடகைக்கு எடுத்தது, முன்பணம் கொடுத்து. அலமாரியிலிருந்து கப்பியை எடுத்துத் தூசி தட்டினார். ஸ்டூலில் ஏறி ஜன்னலுக்கு மேலே அளந்து, பென்சிலால் சுவரில் ஒரு சின்னக் கட்டம் போட்டார்.

"என்னங்க இது?"

"கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒரு தவணைக்கு இவ்வளவு சுவர் வருது, ஏறக்குறைய ஒரு செங்கல். இந்தச் செங்கல் நம்மளது. இதுல ஓட்டை போடலாம்."

"அடுத்த மாசம் எதுப்பா?" என்றாள் மகள்.

"இதுக்குப் பக்கத்துல இருக்கறது."

முதல் வருடங்களில் கட்டுகிற பணத்தில் பெரும்பாலும் வட்டிக்கே போய்விடும், அசலில் சேர்வது சொற்பம் என்று தம்பி அவளிடம் சொல்லியிருந்தான். அந்தக் கணக்குப்படி பார்த்தால் பென்சில் கட்டத்தில் ஒரு மூலைதான் அவர்களுடையது. மீதி வங்கியுடையது.

அவள் ஸ்டூலை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஓரத்துல வேணாங்க, செங்கல் உடைஞ்சுடும்" என்றாள். "நல்லா நடுவுல போடுங்க."