வாசலில் நின்ற அமுதா

மாப்பிள்ளை வீட்டு வேன் பென்னாகரத்தைத் தாண்டிவிட்டதென்று போன் வந்ததும் கலைமணி மண்டப வாசலுக்கு ஓடினான். இன்று தங்கை அமுதவல்லிக்கு நிச்சயதார்த்தம். மண்டப வாசலில் அவளுடைய படம் ஆளுயரத்துக்கு நின்றது. அவன் வரைந்ததுதான்.

"என்னய மாதிரியே போடுண்ணா" என்று அவள் கேட்டாள், இவனும் போட்டுத் தொலைத்தான். அதுதான் வினை. கேழ்வரகுக் களி என்று சொந்தக்காரர்கள் கேலி செய்யும் நிறத்தை, பழுப்பும் காவியும் குழைத்து, கன்னத்தில் துளி சிவப்பும் கழுத்து நிழலில் கொஞ்சம் நீலமும் சேர்த்து அப்படியே கொண்டுவந்திருந்தான். தூரிகை இழுத்த தடத்தைக்கூட மறைக்கவில்லை.

அம்மா நிர்மலாதேவி தலையில் அடித்துக்கொண்டாள். "உள்ள மேக்கப்புக்காரம்மா அவள பாலாட்டம் ஆக்கி வெச்சிருக்குது. நீ வாசல்லயே குட்ட ஒடைக்கிறயேடா! அதும் வரி வரியா, உழுது போட்ட காடாட்டம். கொஞ்சம் வெள்ளையாச்சும் அடிச்சு வுடு."

"ஆயில் பெயின்ட்டும்மா. இன்னும் காயல. இப்ப தொட்டா சேறாயிடும்."

பயம் அம்மாவுக்கு மட்டுமா? கலைமணிக்கும்தான். தை மாதம் வந்த வரன் 'பொண்ணு கலர் கம்மி' என்று சொல்லியனுப்பிய பிறகு, அமுதா பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இதுவும் தட்டிப்போனால் அந்தப் பாவம் தன்னைத்தான் சேரும். படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடலாம் என்று கை வைத்தான். அதற்குள் வேன் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா தீர்த்தம்மாள்தான் முதலில் இறங்கினார். படத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். நீட்டிய சந்தனத்தைக்கூடத் தொடாமல் விறுவிறுவென்று மேடைக்கு நடந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று கலைமணி பின்னாலேயே ஓடினான்.

மேடையில் மேக்கப்பில் வெளுத்துப்போன அமுதா கைகூப்பினாள். தீர்த்தம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கலைமணி பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க தம்பி, பொண்ணு பாக்க வந்தப்போ எங்களுக்கு காப்பி குடுத்த புள்ள அங்க வாசல்ல நிக்குது. இது யாருங்க?"

"நம்ம அமுதாதானுங்க" என்று நிர்மலாதேவி முன்னால் வந்தாள்.

"எங்க பையன் குரு அந்தப் புள்ளயத்தான் கட்டிக்கிறேன்னான். போயி மூஞ்சி கழுவிட்டு வரச் சொல்லுங்க. தட்டு அப்பறமா மாத்திக்கலாம்."

மேக்கப்புக்காரம்மா தடுப்பதற்குள், பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அமுதா ஓடிவிட்டாள். உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கலைமணி அத்தனை பேர் நடுவிலும் அழுதுவிட்டான்.