தாயம்மா இறக்கி வைத்த பம்பு

ரந்தாவ் பட்டணத்தை ஒட்டிய தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கடியில் களைக்கொல்லி அடிப்பது தாயம்மாவின் வேலை. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு அவள் விரல் நகங்கள் மஞ்சளாகிக் கழன்றன. மூக்கில் அடிக்கடி ரத்தம் வந்தது. தோட்டத்துக் கிளினிக்கில் டாக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்த்த டிரெசர் ராமகிருஷ்ணன், "ஒடம்புச் சூடும்மா, இளநி குடிங்க" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

மகள் விஜயராணிக்குச் சிரம்பானில் துணிக்கடை வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சைபர் கஃபேயில் உட்கார்ந்து, அம்மா அடிக்கும் மருந்தின் பெயரைத் தட்டினாள். பக்கம் மெல்லத் திறந்தது. நகம் கழலும், மூக்கில் ரத்தம் வரும், நுரையீரலும் கெடலாம் என்றிருந்தது. சில நாடுகளில் அதை விற்கவே விடுவதில்லையாம். அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

தாயம்மா அழவில்லை. மகளை இழுத்துக்கொண்டு டிரெசர் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார். விஜயராணி படித்ததை அவரிடமும் சொன்னாள்.

"இண்டர்நெட்டுல வர்றதெல்லாம் நம்பக்கூடாது பிள்ள."

"அப்ப அது பொய்யா சார்?" என்றாள் தாயம்மா.

அவர் குழாயை மூடினார். "பொய்யில்ல. படிக்கிறப்பவே எங்களுக்குச் சொல்லியிருக்காங்க. வாயத் தொறந்தா என் வேல போயிடும்லா."

"தெரிஞ்சேவா இளநி குடிக்கச் சொன்னீங்க? கழண்ட நகம் சோத்துல கெடந்துச்சுன்னு அழுதேனே! அப்பவும் சூடுன்னீங்களே!"

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. டிரெசர் தலைகுனிந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லாரும் வரிசையில் நின்றபோது, தாயம்மா முதுகிலிருந்த மருந்துப் பம்பைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"தூக்கலன்னா வேல இல்ல" என்றார் வேலை வாங்கும் மண்டோர் முருகையா.

"ஒங்க பொண்டாட்டிய வந்து தூக்கச் சொல்லுங்க!"

பின்னால் நின்ற பெண்கள் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி பம்பை இறக்கினாள். பிறகு மற்றவர்களும் இறக்கினார்கள். அன்று யாரும் மருந்து அடிக்கவில்லை.

அந்த வாரமே நிர்வாகம் கையுறையும் முகமூடியும் கொடுத்தது. மருந்து மட்டும் மாறவில்லை. பிள்ளைகளின் பள்ளிச் செலவை நினைத்து, பெண்கள் ஒவ்வொருவராகப் பம்பைத் தூக்கினார்கள். தாயம்மா தூக்கவில்லை. மரத்தடியில் சிதறும் உதிரிப்பழம் பொறுக்கும், சம்பளம் குறைவான வேலைக்கு அவளை மாற்றினார்கள்.

"கையில ரப்பர மாட்டுனா விஷம் விஷமில்லன்னு ஆயிடுமாடி?" என்று லோரியில் ஏறும் பெண்களைப் பார்த்துக் கத்தினாள். கத்தும்போதே இருமல் வந்து மூச்சடைத்தது. நெஞ்சைப் பிடித்தபடி நின்று, லோரி கண்ணுக்கு மறையும்வரை திட்டினாள்.