கடைசி பெஞ்சு விட்ட பிழைகள்

அந்தத் தொலைக்காட்சித் தொடரின் கடைசிப் பகுதியை என் மகள் வீட்டில், மருமகனுக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து பார்த்தேன். கொலை ஒன்றை நேரில் கண்டுவிட்டு ஊர் ஊராக ஒளிந்து திரியும் பெண்ணின் கதை அது. அவளுக்குத் தொடரில் பெயரே வைக்கவில்லை. 'சாட்சி' என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பகுதிகள் அவள் கதி என்ன ஆகுமோ என்று எங்களைப் பதற வைத்தவர்கள், முடிவில் அவளை ஒரு ரயிலில் ஏற்றிவிட்டுத் திரையை இருட்டாக்கிவிட்டார்கள். எங்கே போனாள், பிழைத்தாளா என்று ஒரு வரி இல்லை. இதற்குப் பெயர் முடிவா? பாதியில் நிறுத்திய விடைக்கு நான் ஒரு நாளும் முழு மதிப்பெண் போட்டதில்லை. அன்றே தொலைக்காட்சி நிலையத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன்; வசனங்களில் கண்ட அறுபத்தொரு பிழைகளையும் பட்டியலிட்டு இணைத்தேன். பதில் வரவில்லை.

"அவங்க கெடக்கிறாங்க, விடுங்க மாமா," என்றார் மருமகன். "மீதியை நீங்களே எழுதிடுங்க. உங்களை மாதிரி யாரு எழுதப் போறாங்க."

"முப்பத்துநாலு வருஷம் அடுத்தவன் எழுதினதைத் திருத்தினவன் நான். சொந்தமா எழுத எனக்கு எங்கே வரும்."

"திருத்தத் தெரிஞ்சவருக்கு எழுதவா தெரியாது," என்று சிரித்தார்.

அவரிடம் நான் பெரிதும் மதித்த குணம் ஒன்று உண்டு: யாரையும் அவர் கேள்வி கேட்கமாட்டார். காப்பீட்டு நிறுவனத்துக்காக விபத்து நடந்த இடங்களுக்குப் போய் விசாரித்து அறிக்கை எழுதுவது அவர் தொழில். நாள் முழுதும் பிறரைக் குடைந்துவிட்டு வருபவர், வீட்டில் மனைவியைப் பார்த்து 'எங்கே போனாய், ஏன் தாமதம்' என்று கேட்டு நான் கண்டதில்லை. என் மகள் கொடுத்துவைத்தவள் என்று உறவினர் அனைவரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பத்து மாதம் கழித்து அவள் ஒரு கைப்பையோடும், முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்த புண்ணோடும் என் வாசலில் வந்து நின்றாள். விட்டுப் போனால் எங்கிருந்தாலும் தேடி வந்து முடித்துவிடுவேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

ஆறே நாளில் வீட்டைக் காலி செய்தோம். எங்களை யாருக்கும் தெரியாத ஓர் ஊரில், மூன்றாம் மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தோம். தொலைபேசி எண்களை மாற்றினோம். முகவரி என் தங்கை ஒருத்திக்கு மட்டுமே தெரியும். மகளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை கிடைத்தது. காலை ஒன்பது இருபதுக்குப் போனால் மாலை ஆறரைக்குத் திரும்புவாள். "அப்பா, இந்த ஊர்ப் பேரை மட்டும் யாருகிட்டயும் வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க," என்றாள். நான் சொல்லவில்லை. இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

பகல் முழுதும் தனியே இருந்தேன். அப்போதுதான் கணினியில் அந்தத் தொடரின் ரசிகர் குழுவைக் கண்டேன். தொடர் விட்ட இடத்திலிருந்து ரசிகர்களே கதையை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ரசிகர் புனைவு என்று அதற்குப் பெயர். ஆளாளுக்கு ஒரு புனைபெயர். ஒருவர் அத்தியாயம் எழுதிப் போட்டால் மற்றவர்கள் கீழே கருத்துச் சொல்வார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை, தமிழ்தான் குற்றுயிரும் குலையுயிருமாகக் கிடந்தது. ஒருமையில் தொடங்கிய வாக்கியம் பன்மையில் முடிந்தது. 'சிவப்பு மை' என்ற பெயரில் உள்ளே நுழைந்து திருத்தத் தொடங்கினேன். விரட்டிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மாறாக, பிழை பிடிப்பது அங்கே ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் 'குட்டிப்பூதம்' என்ற பெண், "மை சார், அடுத்தவங்க இட்லிக்கு உப்பு பாத்தது போதும், நீங்க அடுப்பு மூட்டுங்க," என்று எழுதினாள்.

மூட்டினேன். மாணவருக்கு நான் சொன்ன கட்டுரை விதி ஒன்றே: கண்ணால் கண்டதை எழுது. ரயிலிலிருந்து இறங்கிய சாட்சியை ஒரு மூன்றாம் மாடி வீட்டில் குடிவைத்தேன். துணைக்கு வயதான தந்தை ஒருவரையும் கொடுத்தேன். எச்சரிக்கையாகத்தான் இருந்தேன். ஊருக்குப் பெயர் வைக்கவில்லை. சாட்சிக்குச் சாவிக் கடையில் வேலை கொடுத்தேன். பதினொரு பேர் படித்த கதையை ஐந்தாம் அத்தியாயத்தில் நாலாயிரம் பேர் படித்தார்கள். பெருமையில் ஊதிப் பெருத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வேளையில்தான் 'கடைசி பெஞ்சு' வந்தார்.

"வணக்கம் சார். நான் படிப்புல மக்கு, தப்பா இருந்தா மன்னிச்சிருங்க," என்று தொடங்கியது அவருடைய முதல் கருத்து. "ரெண்டாம் மாடியில இருக்கிறவளுக்கு எதிர்க் கட்டடத்துத் தண்ணித் தொட்டி தெரியாது. சார் இந்த எடத்துல சறுக்கிட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் எழுதியது மூன்றாம் மாடி. ஐம்பத்துநான்கு படிகள் ஏறினால்தான் வீடு. எதிரே இருப்பது கட்டடமன்று, மூடப்பட்ட நூல் ஆலை. தொட்டி அதன் கூரைமேல் இருக்கிறது. அதில் எழுதிய எழுத்துகளில் முதல் இரண்டும் உதிர்ந்துவிட்டன. இவ்வளவையும் விளக்கிப் பதில் எழுதினேன்.

"மக்குன்னு சும்மாவா சொன்னேன். புரிஞ்சுது சார்," என்றார்.

வாரம் ஒரு முறையாவது வருவார். ஒவ்வொரு முறையும் ஒரு பிழையோடு வருவார். காலையில் அப்படி எந்த ரயிலும் அந்த வழியே போகாது என்றார். போகும், ஆறு பத்துக்கு ஒன்று, ஏழு நாற்பதுக்கு ஒன்று, இரண்டாவது வண்டி சிக்னலுக்காக உயர்பாலத்தின்மேல் நான்கு நிமிடம் நிற்கும், அதன் ஜன்னலிலிருந்து பார்த்தால் சாட்சியின் சமையலறை தெரியும் என்று திருத்தினேன். ஒரு நாள் உண்மையிலேயே என்னைப் பிடித்துவிட்டார். சாட்சி வேலை முடிந்து வரும்போது விரல் இடுக்கில் வெள்ளைப் பொடி படிந்திருந்ததாக எழுதியிருந்தேன். என் மகளின் விரல்களை அப்படித்தான் தினமும் பார்க்கிறேன். "சாவி ராவினா மஞ்சப் பொடிதான் சார் வரும். பித்தளையாச்சே," என்றார். நாலாயிரம் பேர் முன்னிலையில் நான் தலைகுனிவதா? அடுத்த அத்தியாயத்திலேயே சாட்சியைக் கண்ணாடிக் கடைக்கு மாற்றி லென்ஸ் தேய்க்க வைத்தேன். "இப்பதான் சார் பொருந்துது," என்று பாராட்டினார்.

பிறகு ஒரு நாள் அவர் சாட்சி வீட்டின் வரைபடத்தைப் போட்டார். ரசிகர்களுக்கு இந்த வழக்கம் உண்டு; கதையில் சிதறிக் கிடக்கும் விவரங்களைத் திரட்டிப் படமாக வரைவார்கள். படத்தில் ஐந்து பிழைகள். படிக்கட்டு வலப்புறம் இருந்தது. குளியலறை இடம் மாறியிருந்தது. அதை அச்செடுத்து, மேசையில் விரித்து, பழைய நாள்போலச் சிவப்புப் பேனாவால் திருத்தினேன். பின்கதவுக்கு நேரே 'தாழ்ப்பாள் விழாது, நாற்காலி முட்டுக்கொடுப்பது வழக்கம்' என்று ஓரத்தில் குறித்தேன். அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன்.

"இப்ப ஒரு பிழையும் இல்ல. ரொம்ப நன்றி சார்," என்று பதில் வந்தது. அதற்குப் பின் இரண்டு வாரம் அவரைக் காணவில்லை.

தாளை நான் மேசையிலேயே விட்டிருந்தேன். விடுமுறை நாளில் மேசையைத் துடைக்க வந்த மகள் அதைக் கையில் எடுத்தாள்.

"எதுக்குப்பா நம்ம வீட்டை வரைஞ்சு வெச்சிருக்கீங்க?"

"நம்ம வீடு இல்லம்மா, கதையில வர்ற வீடு. வரைஞ்சது ஒரு வாசகர். நான் திருத்திக் குடுத்தேன்."

"கதையில வர்ற வீட்டுக்கும் பின்கதவுத் தாழ்ப்பாள் விழாதா?"

அவள் கணினியின் முன் நின்றவாறே கடைசி பெஞ்சின் கருத்துகளை முதலிலிருந்து படித்தாள். துடைத்துக்கொண்டிருந்த துணி கையிலேயே இருந்தது.

"இவரு உங்ககிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கலப்பா," என்றாள்.

"பணிவான ஆளு. தப்புத் தப்பாப் புரிஞ்சுக்குவாரு, சொன்னா ஏத்துக்குவாரு."

"அவரும் என்னை ஒரு நாளும் கேள்வி கேட்டதில்ல. 'அஞ்சு மணிக்கே ஆபீஸ்ல இருந்து கிளம்பிட்டே'ம்பாரு. 'இல்லையே, ஆறு ஆச்சே'ன்னு நான் திருத்துவேன். 'உன் தோழி வீடு தபாலாபீஸ் பக்கம்'பாரு. 'இல்ல, பேக்கரி மாடி'ம்பேன். மறுநாள் பேக்கரி வாசல்ல நிப்பாரு. தப்பாச் சொன்னா எனக்குப் பொறுக்காதுன்னு அவருக்குத் தெரியும்ப்பா. நான் உங்க பொண்ணுதானே."

துணியை மடித்து மேசைமேல் வைத்தாள். அவள் அழவில்லை, அழுதிருந்தால் தேறியிருப்பேன். எழுதச் சொன்னவரே மருமகன்தான் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. என் தமிழை அந்தக் குழுவில் கண்டுபிடிக்க அவருக்கு எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்?

அன்று மாலையே புதிய அத்தியாயம் ஒன்றை எழுதினேன். வாழ்நாளில் முதல்முறையாக, தெரிந்தே பிழையாக எழுதினேன். சாட்சி தரைத்தளத்தில் குடியிருக்கிறாள். ஜன்னலில் கடல் தெரிகிறது. ரயில் சத்தமே கேட்காத ஊர். வேலை ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கில். நாற்பது நிமிடம் கழித்துக் குட்டிப்பூதம் எழுதினாள்: "மை சார், காய்ச்சலா? ஏழாம் அத்தியாயத்துல அம்பத்துநாலு படி ஏற வெச்சீங்க. இப்ப தரைத்தளம்ங்கிறீங்க." ஒருவர் ரயில் நேரங்களை எடுத்துப் போட்டார். இன்னொருவர் கண்ணாடிக் கடையை நினைவூட்டினார். "சாருக்கே சிவப்பு மையா," என்று கேலி செய்த மூன்றாமவர், நானே திருத்திய வரைபடத்தை இணைத்தார். பிழை பொறுக்காதீர்கள் என்று இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு மணி நேரத்தில் என் வீட்டைப் படி படியாக, ஜன்னல் ஜன்னலாக மறுபடியும் கட்டி முடித்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் நீக்கும்படி குழுவை நடத்துபவரிடம் கெஞ்சினேன். "நீக்கிடுறேன் சார்," என்றார். "ஆனா ஆளாளுக்கு எறக்கி வெச்சிருப்பாங்க. நல்ல கதைன்னா அப்படித்தானே."

அவர் நீக்குவதற்குள் கடைசி பெஞ்சு வந்துவிட்டார். "சார் பிழை விடுற ஆளில்ல. விட்டிருக்கார்னா, சாட்சி இன்னும் அந்த வீட்டுலதான் இருக்கா."

மறுநாள் காலை காவல் நிலையத்தில் அச்செடுத்த தாள்களை மேசைமேல் அடுக்கினேன். பொறுப்பிலிருந்தவர் பொறுமையாகவே படித்தார்.

"கதை நல்லா இருக்கு, ஐயா. இவரும் மரியாதையாத்தான் எழுதியிருக்காரு. மெரட்டினாரா? வீட்டுப் பக்கம் வந்தாரா?"

"வருவார்."

"வந்தா சொல்லுங்க."

வந்தபின் சொல்வதற்கு யார் இருப்பார்கள் என்று அவரிடம் கேட்டேன். தாள்களை நேராகத் தட்டி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

என் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவாயிற்று. அவள் நூறு கல் தொலைவில் இருக்கிறாள். "அண்ணே, ஒண்ணும் யோசிக்காதே. எம் மருமகளைக் கூட்டிட்டு வந்து சேரு," என்றாள். ரயிலைத் தவிர்த்துவிட்டு ஒரு வாடகைக் காருக்குச் சொன்னேன். காலை ஏழரைக்கு வண்டி வந்தது. மகள் இரண்டு பைகளோடு கீழே இறங்கினாள். கணினியை மட்டும் நான் கழற்றி எடுக்க வேண்டியிருந்தது. நிறுத்துவதற்குமுன் குழுவை ஒரு தடவை திறந்தேன்; திறந்திருக்கக் கூடாது.

கதை நீக்கப்பட்டிருந்தது. அது இருந்த இடத்தில் வாசகர்கள் புதிதாக ஒரு பேச்சைத் தொடங்கியிருந்தார்கள்: சாட்சி அடுத்து எங்கே போவாள்? நாற்பதுக்குமேல் ஊகங்கள். எல்லாவற்றுக்கும் கீழே, ஆறு நிமிடத்துக்குமுன், கடைசி பெஞ்சு எழுதியிருந்தார்.

"அத்தை வீட்டுக்குத்தானே போறா, மாமா?"

அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது.

விரல்கள் விசைகளின்மேல் இருந்தன. இல்லை என்று எழுதினால் பொய் என்று அவருக்குத் தெரியும். ஆம் என்று யாராவது எழுதுவார்களா? நான் அசையாமல் இருந்தபோதே குட்டிப்பூதத்தின் வரி கீழே வந்து விழுந்தது: "தப்பா இருந்தா மை சார் இந்நேரம் குதிச்சிருப்பாரு. சத்தமே காணோம். அப்ப அத்தை வீடுதான்."

வெளியே ஏழு நாற்பது வண்டி உயர்பாலத்தின்மேல் வந்து நின்றது. ஜன்னலோரத்தில் முகங்கள். என் சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன், பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"அப்பா," என்று படிக்கட்டின் அடியிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். "எந்த ஊருக்குப் போகணும்னு டிரைவர் கேக்கிறாரு."