தரைக்குள் ஒரு மொட்டைமாடி

'டங்!'

சமையலறை அலமாரியில் தட்டுகள் குலுங்கின. பாத்ரூமில் தரையை உடைத்தபடி காலையிலிருந்து அலறிக்கொண்டிருந்த பிரேக்கர் மெஷின் சட்டென்று நின்றது. பூங்கொடி அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

மேஸ்திரி கங்கப்பன் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். மீசை, புருவமெல்லாம் சிமெண்ட் தூசி.

"கையில பட்டுடுச்சாண்ணா?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. உங்க வீட்டுக்குத்தான் என்னமோ ஆயிருக்குது. இத வந்து பாருங்க."

உடைத்த குழிக்குள், விரல் தடிமனில் இரும்புக் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின.

"கம்பி இருந்தா என்னண்ணா?"

"கூரையில இருந்தா சரி. தரையில யாரு போடுவாங்க? மண்ணு கொட்டி, ஜல்லி போட்டு, மேல நாலு அங்குலம் கான்கிரீட். அவ்ளோதான். ஓசூர்ல முப்பது வருசமா தரை உடைக்கறேன். உங்க வீட்டுக்காரரு கீழயும் ஒரு மொட்டைமாடி போட்டு வச்சிருக்காரு."

பூங்கொடிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் கணவன் கமலக்கண்ணனுக்குச் சிப்காட்டில் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும்போது பைக் சறுக்கி, தொடை எலும்பு முறிந்து, பெங்களூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். மூன்று மாதத்துக்குக் குத்த வைத்து உட்காரக் கூடாது, படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இருப்பதோ ஒரே பாத்ரூம். அதில் மேடை மேல் பதித்த பழைய டாய்லெட். இன்றைக்குச் செவ்வாய். மேடையை இடித்து, தரைக்குள் புதுக் குழாய் இறக்கி, வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தாக வேண்டும்.

இதில் வேடிக்கை, யாருக்காக இத்தனையும் நடக்கிறதோ அவனே வேண்டாம் என்கிறான். "மேடைய என்னவும் பண்ணு, தரையில மட்டும் கை வைக்காத" என்று நேற்றிலிருந்து நாலு தடவை போனில் சொல்லிவிட்டான். வலி மாத்திரை மயக்கத்தில் பேசுகிறான் என்று அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது போன் செய்தாள்.

"ஏங்க, தரைக்குள்ள கம்பி இருக்குதே?"

"வெட்டிட்டாரா?"

"இன்னும் இல்ல."

"வெட்ட வேணாம்னு சொல்லு."

"ஏன்னு சொன்னாத்தானே..."

"டாக்டர் வர்றாரு. வைக்கிறேன்."

இதற்குள் கங்கப்பன் சின்ன டிரில்லை எடுத்து, இரண்டு கம்பிகளுக்கு நடுவே மெல்ல இறக்கிப் பார்த்தார். முக்கால் அடி கான்கிரீட் தாண்டியதும் முனை சட்டென்று உள்ளே இறங்கியது. மெல்லிய கட்டுக்கம்பியில் ஒரு நட்டைக் கட்டித் துளைக்குள் விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது.

"நாலரை அடிம்மா. அதுக்கப்புறம்தான் மண்ணு தட்டுது."

"செப்டிக் டேங்கா இருக்குமோ?"

"அது வாசப் பக்கமில்ல இருக்குது? நாத்தமும் இல்ல."

"எலி தோண்டியிருக்குமாண்ணா?"

"நாலரை அடிக்கா? அது எலி இல்லம்மா, ஜேசிபி."

சிரித்தாரே தவிர, கால்கள் தாமாகவே பாத்ரூம் வாசற்படிக்கு வந்துவிட்டன. கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தபடி மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார்.

"இங்க பாருங்க. இந்தத் தரை மண்ணு மேல நிக்கல, கம்பி பலத்துல நிக்குது. ஒண்ண வெட்டினாலும் நான் பொறுப்பில்ல. குழியயும் துளையயும் இப்பவே கான்கிரீட் போட்டு அடைச்சிடறேன். மேடை வெறும் செங்கல்லு, அத மட்டும் இடிக்கலாம். பின்பக்கமா செவுத்துல குழாய் போற மாதிரி டாய்லெட் கிடைக்குது, வாங்கியாந்துடலாம். தரையத் தொட வேண்டியதே இல்ல. ஆனா யாராச்சும் என்ஜினியர ஒருதரம் கூட்டியாந்து காட்டிருங்க."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடுமாண்ணா?"

"வியாழன் சாயங்காலமே முடிச்சிடறேன். நீங்க அதுவரைக்கும் இதுக்குள்ள போவாம இருங்க."

பூங்கொடி ஹாலுக்கு வந்தாள். இத்தனை வருஷம் நடந்த அதே தரைதான். இன்றைக்குப் பாதம் பதிக்கவே யோசனையாக இருந்தது. சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி போன் போட்டாள்.

"நீங்க வர்றப்ப உக்கார்ற டாய்லெட் ரெடியா இருக்கும். கம்பிய வெட்டல. போதுமா?"

"ம். நல்லது."

"எது நல்லது? கீழ நாலரை அடி காலியா கெடக்குது. மேஸ்திரி உள்ள வரவே பயப்படறாரு. நம்ம கல்யாணத்துக்கு முந்தி நீங்க நின்னு கட்டுன வீடு. உங்களுக்குத் தெரியாம இருக்காது. என்னங்க இருக்குது கீழ?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. கமலக்கண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கெணத்த மண்ணு கொட்டி மூடி அதுக்கு மேல வீடு கட்டியிருக்கேன்னு சொல்லியிருந்தா, நீ வாசப்படி மிதிச்சிருப்பியா பூங்கொடி?"