பதினாறு மீட்டர் பாலன்

பெத்லகேமில் எப்போதாவது பனி விழும் என்று படித்திருக்கிறேன். ஆனால் அது மருந்துக்கடைப் பஞ்சாக விழாது. ராயபுரத்தில் யாருக்கும் இது தெரியவில்லை. டிசம்பர் வந்தால் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு கிறிஸ்துமஸ் குடில் முளைக்கும். காக்கிக் காகிதத்தைக் கசக்கி வைத்து மலை என்பார்கள். மேலே பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பனி என்பார்கள். அதன் கீழே ஒரு ஆடு, ஆட்டின் பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கி, அதைவிடப் பெரிய ஒரு வாத்து. மூன்று ராஜாக்கள் தொழுவத்தின் கூரை உயரத்துக்கு நிற்பார்கள். பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். போன வருடம் பக்கத்துத் தெருக் குடிலில் ஒரு டைனோசரைப் பார்த்தேன். அதற்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள்.

நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் சர்வேயர். கப்பலிலிருந்து இறங்கிய பெட்டிகளைச் சுற்றிவந்து நசுங்கல், ஓட்டை, துரு என்று குறித்துக் கையெழுத்துப் போடுவது வேலை. இருபது வருடமாகத் துருவைப் பார்த்துவருகிறேன். அது எந்த மூலையில் தொடங்கும், மழையில் எந்தப் பக்கம் வழியும், எந்த வயதில் என்ன நிறமாகும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தால் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு ராணுவ வண்டிகள் செய்வேன். ஜீப், லாரி, பீரங்கி இழுக்கும் வண்டி. எல்லாம் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. நிஜத்தில் முப்பத்தைந்து சென்டிமீட்டர் இருப்பது என் மேசையில் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். இந்த ஒரு விதியை மதிக்கிற மனிதன் எங்கள் தெருவில் நான் மட்டும்தான்.

"மாமா, இது ஓடுமா?" என்று கேட்பான் பென்னி. என் மனைவியின் தம்பி. காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக்.

"ஓடாது."

"லைட்டு எரியுமா?"

"எரியாது."

"அப்பறம் இன்னாத்துக்கு மாமா, ஓட்டவட வாங்கி ஓட்டைய எண்ணிகினு கீற?"

அவனுடைய படகில் அடிக்கிற பச்சைப் பெயின்ட் மூன்று மாதத்தில் உரிந்துவிடும். உரிந்த இடத்தில் அப்படியே இன்னொரு கை அடிப்பான். அவனிடம் பேசிப் பயனில்லை.

பின்னறைக்கு என் மனைவி ஃப்ளோரா ஆறு வருடமாக அடிபோட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஜாக்கெட் தைப்பவள். தையல் மிஷின் ஹாலில், டிவிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் கிடந்தது. அளவு கொடுக்கப் பெண்கள் வந்தால் நான் மொட்டைமாடிக்குப் போக வேண்டும். எங்கள் தெருவின் அன்பியத்துக்கும் அவள்தான் தலைவி. அன்பியம் என்பது நாற்பது வீடுகள் சேர்ந்த ஜெபக்குழு. எங்கள் கோயில் பங்கில் மொத்தம் பதினெட்டு அன்பியங்கள். குடில் போட்டியில் எங்களுடையது நான்கு வருடமாக ஆறுதல் பரிசுகூட வாங்கவில்லை. நவம்பரில் ஒருநாள் அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"யோவ், இந்த வாட்டி குடில நீ செய்."

"நான் எதுக்கு?"

"ஊரு செய்றதெல்லாம் கலீஜுன்னு சொல்லிகினே கீறல்ல, சோக்கா செஞ்சு காமி. ஒன் வேலைக்குன்னு ப்ரைஸு வந்தா ரூமு ஒன்து. ஜென்மத்துக்கும் கேக்க மாட்டேன். வர்லன்னா நியூ இயருக்கு மிஷினு உள்ள வரும், ஒன் டப்பாங்க பரணுக்குப் போவும்."

பரண் என்றால் மாடிப்படிக்கு மேலே, தகரக் கூரைக்குக் கீழே. மே மாத வெயிலில் பிளாஸ்டிக் வளைந்துவிடும். பதினேழு வண்டிகள். நான் சம்மதித்தேன். பஞ்சோடும் வாத்தோடும்தானே போட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் வேலை செய்தேன். நான்கடிக்கு மூன்றடிப் பலகையில் பெத்லகேமின் ஒரு தெரு. ரோமானிய வீரர்களுக்குப் பதிலாக இன்றைய ராணுவம். எந்த நாட்டுக் கொடியும் வைக்கவில்லை. அந்த வம்பு எனக்கு வேண்டாம். தெரு நடுவில் சதுக்கம், சதுக்கத்தில் எட்டுச் சக்கரக் கவச வண்டி ஒன்று. கடையில் வாங்கிய பெட்டியில் முந்நூற்றுச் சொச்சம் பிளாஸ்டிக் துண்டுகள் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றையும் வெட்டி, பிசிறு தேய்த்து, ஒட்டினேன். முதலில் சாம்பல் நிற அடிப்பூச்சு, பிறகு மணல் நிறம், ஏர்பிரஷ்ஷில் மூன்று மெல்லிய பூச்சு. நீர்த்த கறுப்பு எண்ணெய்ச் சாயத்தைத் தகட்டு இடுக்குகளில் ஓடவிட்டேன். பெயின்ட் உரிந்த தடங்களை ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி வைத்தேன். கதவுக் கீலின் கீழே துரு வழிந்த கோடு ஒன்று இழுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. தெருவில் தூசிக்கு மணல் போட முடியாது. இந்த அளவில் மணல் ஜல்லியாகத் தெரியும். எண்ணூரில் ஒரு நண்பன் வீட்டு மொட்டைமாடியில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலைப் பெருக்கி எடுத்துவந்து தூவினேன். அசல் தூசி மாதிரியே இருந்தது. பென்னி குனிந்து பார்த்துத் தும்மினான், ஒரு சந்து காலியானது.

தெருக் கோடியில் தொழுவம். மரியாளும் சூசையும் ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. பிறந்த பிள்ளை நிஜத்தில் ஐம்பது சென்டிமீட்டர் இருக்கும், முப்பத்தைந்தால் வகுத்தால் பதினாலு மில்லிமீட்டர். இடுக்கு அடைக்கிற பசையில் மிச்சமிருந்ததை உருட்டி, ஒரு முனையில் கிள்ளித் தலை செய்து, தோல் நிறம் தடவினேன். ஒரு டீ குடிக்கிற நேரம் ஆயிற்று.

கிறிஸ்துமஸ் காலையில் எங்கள் தெருமுனைப் பந்தலில் கூட்டம் வந்தது. வருகிறவர்கள் எதையும் ஒழுங்காகப் பார்க்கத் தெரியாதவர்கள். ஒருவன் கவச வண்டியின் முன்னால் முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்தான். காணிக்கைத் தட்டு வைத்திருந்தும் பழக்கதோஷத்தில் குடிலுக்குள்ளேயே சில்லறை எறிந்தார்கள். பத்து ரூபாய் நாணயம் ஒன்று வண்டியின் ஆன்டெனாவை முறித்துவிட்டுப் போனது.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மா வந்தாள். காசிமேட்டில் மீன் விற்பவள், மாரியம்மன் பக்தை. ஆனாலும் வருடா வருடம் குடில் பார்க்க முழம் மல்லிகையோடு வந்துவிடுவாள்.

"சாமி எங்கமா?"

"தோ, அந்தக் கோடில, வைக்கோலு மேல" என்றாள் ஃப்ளோரா.

பச்சையம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். "அரிசி மாறி ஒண்ணு கீதே, அதுவா?"

"அதான்."

"அய்ய, கொயந்தய இப்டி அரிசி சைசுக்குப் பெத்தா எந்த ஆஸ்பத்திரில வுடுவான்? கண்ணாடிப் பொட்டில இல்ல போட்ருப்பான்." சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு மல்லிகையைக் கவச வண்டியின் துப்பாக்கிமேல் சுற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இதான் பெர்சா கீது. இதுவாத்தான் இருக்கும்."

அவளுக்குப் பிறகு வந்தவர்கள் பூவைப் பார்த்தார்கள், அங்கேயே கும்பிட்டார்கள். மத்தியானத்துக்குள் வண்டியின் முன்னால் இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு சீப்பு வாழைப்பழம். ஒரு பெண்மணி சக்கரத்தைத் தொட்டுத் தன் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டாள். சாயம் அந்தப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. மேற்பூச்சு இன்னும் முழுதாகக் காய்ந்திருக்கவில்லை.

ஃப்ளோரா என்னைப் பந்தலின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "பாத்தியா? என் அன்பியத்துல பாலன வுட்டுட்டு டாங்கியக் கும்புட்றாங்க."

"டாங்கி இல்ல ஃப்ளோரா. டாங்கிக்குச் சக்கரத்துமேல சங்கிலி ஓடும். இது சக்கர வண்டி."

அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். விறுவிறுவென்று வீட்டுப் பக்கம் போய்விட்டாள். விளக்கம் அவளுக்குப் புரிந்தது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு நடுவர் வர வேண்டும். நடுவர் சிலுவைமுத்து சார். பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிறு மறைக்கல்விக்குப் பொறுப்பாளர். வாத்துக்கும் டைனோசருக்கும் பரிசு கொடுத்தவர் அவர்தான். ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஃப்ளோரா பழைய புடவையில் எதையோ சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பிரித்தாள். அன்பியத்தின் பழைய பாலன் சுரூபம், குழந்தை இயேசுவின் சிலை. ஒன்றரை அடி. நீலக் கண், ரோஜா நிறக் கன்னம், விரித்த கைகள். இடது காலில் ஒரு விரல் உடைந்திருந்தது. இந்தச் சுரூபத்தைத்தான் நான் முதல் நாளிலேயே வேண்டாம் என்று அலமாரிக்குள் தள்ளியிருந்தேன்.

நான் நெருங்குவதற்குள் அதைச் சதுக்கத்தின் நடுவில் கிடத்திவிட்டாள். டக் என்று விளக்குக்கம்பம் ஒன்று ஒடிந்தது.

"அய்யோ! எடு அத்த!"

"எடுக்க மாட்டேன்."

"ஃப்ளோரா, ஸ்கேலு. இந்தத் தெருவுல இது பதினாறு மீட்டர் நீளம். நாப்பதடி கன்டெய்னர்ல அடங்காது. அந்த அம்மாவப் பாரு, அஞ்சு சென்டிமீட்டர். அவங்க எப்டிப் பெத்தாங்க இத?"

"அது அவுங்க பாடு. எனக்கு ரூமு வந்தாலும் சரி, போனாலும் சரி. கொயந்த இல்லாத குடில எவனுக்கும் காமிக்க மாட்டேன்."

"ஜீசஸ் மெர்சலா கீறாரு மாமா" என்றான் பென்னி. "வுட்ரு."

நான் சுரூபத்தின் இடுப்பில் கைவைத்தபோது சிலுவைமுத்து சார் பந்தலுக்குள் வந்துவிட்டார். கையை எடுத்துக்கொண்டேன். எல்லாம் முடிந்தது, பரண்தான் என்று தெரிந்துவிட்டது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். பிறகு, அந்த வயதில், முழங்காலில் கைவைத்துக் குனிந்தார். கவச வண்டியின் துப்பாக்கி பாலனின் உள்ளங்காலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. வண்டி அந்தக் குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது.

"பதினேழு குடில் பாத்துட்டு வரேன் பாஸ்கலு" என்றார். "எங்க பாத்தாலும் பஞ்சு. கண்ணு பூத்துப்போச்சு. இங்கதான்யா எனக்கு ஒடம்பு சிலிர்க்குது. அவ்ளோ பெரிய ராணுவம், துப்பாக்கி, சிப்பாயி... நம்ம பாலன் கால் ஒசரத்துக்கு இல்ல. ஏரோது ராஜாகிட்ட எத்தினி படை இருந்து இன்னா?" பேனாவைத் திறந்தார். "பாலன இவ்ளோ பெரிசா வெக்கணும்னு யாரோட யோசன?"

பொருத்தமில்லாத இரண்டு பொம்மைகளைப் பக்கத்தில் வைத்தால் இவர்களுக்கு உடனே ஒரு பிரசங்கம் கிடைத்துவிடுகிறது. என் ஆறு வாரத்தில் ஒரு கோட்டைக்கூட அவர் பார்க்கவில்லை. கீலின் கீழே வழிந்த துருவைப் பார்க்கவில்லை. தப்பைத்தான் பார்த்தார். அதற்குத்தான் சிலிர்த்தார்.

ஃப்ளோரா காலிப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் வாயைத் திறந்திருந்தால் போதும், பின்னறை அவளுக்கு. திறக்கவில்லை. நான் சொல்லட்டும் என்று என்னைப் பார்த்தாள்.

"என்னுதுதான் சார்" என்றேன்.

"வேணும்னுதான் வெச்சியா?"

"வேணும்னுதான் சார். தெருவ மட்டும் அளவு பிசகாம செஞ்சேன். ஏன்னா உலகத்த அளக்க முடியும். அவர அளக்க முடியாது."

அவர் எழுதிக்கொண்டார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு குப்பை என் வாயில் தயாராக இருந்தது.

"அந்த வெளக்குக்கம்பம் ஒடஞ்சு கெடக்குதே?"

"அவர் வந்ததுல சாஞ்சது சார். இனிமே அந்த வெளக்கு தேவப்படாது."

"ஆகா" என்று அதையும் எழுதினார். பென்னி வாயைப் பொத்திக்கொண்டு பந்தலுக்கு வெளியே ஓடினான். ஃப்ளோரா புடவையை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள். அதற்குமேல் மடிக்க முடியாத அளவுக்கு மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் முதல் பரிசு என்று என் பெயரை வாசித்தார்கள். மரக்கேடயம். 'அளவைக் கடந்த பாலன், திரு. பாஸ்கல் அவர்களின் சிந்தனை' என்று பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தது. கைதட்டினார்கள். கிறிஸ்டினா என்ற டைனோசர்க் குடில்காரி ஃப்ளோராவிடம் வந்து, "ஒங்க வூட்டுக்காரருக்கு இவ்ளோ பக்தியா!" என்றாள். ஃப்ளோரா, "எனக்கே ஜட்ஜு வந்த அன்னிக்குத்தான் தெரியும்" என்றாள்.

புத்தாண்டு அன்று மிஷின் இடம் மாறவில்லை. மத்தியானம் பீரங்கி வண்டி ஒன்றுக்குச் சக்கரம் ஒட்டிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். ஒரு கையில் கேடயம், ஒரு கையில் சுத்தியல், வாயில் ஆணி. என் மேசைக்கு நேர் எதிரே, நான் வேலையிலிருந்து தலையைத் தூக்கினால் கண் போகிற இடத்தில், சுவரில் ஆணியை வைத்து அடித்தாள். அடித்த ஒவ்வொரு அடிக்கும் அலமாரியில் பதினேழு வண்டிகளும் குலுங்கின.

"ஹால்ல மாட்டலாமே ஃப்ளோரா. வர்றவங்க பாப்பாங்கல்ல" என்றேன்.

"வர்றவங்களுக்கு இன்னா தெரியும்?" என்றாள். "தெரிஞ்சவன் பாக்கட்டும்."

கேடயத்தை மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். ஆடவில்லை.