சிங்கி வெந்த தண்ணீர்

செவ்வாய்க்கிழமை மதியம் அப்பா போன் செய்தார். ஆய்வகக் கையுறையைக் கழற்றாமலே எடுத்தேன்.

"சனிக்கிழமை அஞ்சு மணிக்கு, தோட்டத்துல. சிங்கி எட்டுக் கிலோ சொல்லியிருக்கேன். வருவல்ல?"

"பாக்குறேன்பா."

"பாக்குறதுக்கு என்ன இருக்கு? ஆலையில நாப்பத்தோரு வருஷம் ஆச்சு. இதான் கடைசி விருந்து. அடுத்த ஆகஸ்ட்டுல நான் வெறும் பென்ஷன்காரன்."

"சரி, வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வருஷா வருஷம் ஆகஸ்ட்டில் அப்பா வைப்பது சிங்கி விருந்து. இறாலுக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும் அந்த ஆற்றுச் சிங்கியில் தின்பதற்கு என்ன இருக்கிறது? வாலில் விரல் நுனி அளவு சதை, அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஓட்டை உடைப்பது, சாறு உறிஞ்சுவது, கழுத்தில் ஏப்ரன், தலையில் காகிதத் தொப்பி. அப்புறம் பாட்டு. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஆளுக்கு ஒரு சின்னக் கோப்பை ஸ்னாப்ஸ், தண்ணீர் மாதிரி தெளிந்த சாராயம், ஒரே மடக்கில். எட்டுப் பாட்டு என்றால் எட்டுக் கோப்பை. போன வருஷம் நான் பதினொன்று குடித்தேன். அப்பாவின் நண்பர் பேர்ன்ட் மாமாவை ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன், மேசைவிரிப்போடு சேர்ந்து கீழே போனேன். எல்லோரும் சிரித்தார்களாம். எனக்கு நினைவில்லை.

இந்த வருஷம் அந்தச் செவ்வாயோடு நான் குடியை விட்டு அறுபத்தேழு நாள். அப்பாவுக்குத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பவர்கள் எங்கள் தெருவில் பிறக்காதவர்கள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். உப்சாலாவில் என்னோடு படித்த டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் ஜனவரியில் ஒரு மாதம் குடிக்காமல் இருந்துவிட்டு அதைப் படம் எடுத்துப் போடுவார்கள். நூறு பேர் கை தட்டுவார்கள். எங்கள் தெருவில் ஒருவன் குடியை விட்டால் இரண்டே காரணம்தான் சொல்வார்கள். ஒன்று, ஈரல் போயிருக்கும். இல்லையென்றால் திமிர் வந்திருக்கும். எனக்கு இருபத்தாறு வயது, ஈரல் நன்றாக இருக்கிறது. அப்பா எந்தக் காரணத்தை எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். பட்டம் வாங்கிக்கொண்டு, அவர் உருட்டும் எஃகைச் சோதிக்கிற ஆய்வகத்திலேயே வந்து உட்கார்ந்தவள் நான். அதுவே அவருக்கு இன்னும் முழுதாகச் செரிக்கவில்லை.

அன்று மாலை, நகராட்சி நீச்சல்குளத்து மாடியறைக்குப் போனேன். குடியை விட்டவர்களும் விடப் பார்ப்பவர்களும் செவ்வாய்தோறும் கூடும் இடம். குளோரின் வாசனை, காபி, இலவங்கப்பட்டை பன். அன்றைக்கு மழை. வந்திருந்தது என்னோடு மூன்றே பேர். முடி வெட்டும் சோல்பிரிட் ஆறு வருஷமாகத் தொடாதவள், வாய் மூடாதவள். இரண்டாம் எண் பஸ் ஓட்டும் வெய்க்கோவுக்கு மூன்று வருஷம். வாரத்துக்கு நாலு வார்த்தைதான் பேசுவார்.

"நான் போகல. ஜுரம்னு சொல்லிடுறேன்" என்றேன்.

"போன மாசம் உங்க அத்தை கல்யாணத்துக்கும் ஜுரம்" என்றாள் சோல்பிரிட். "இப்படியே போனா அந்த மனுஷன் உனக்குக் காசநோய்னு நெனைச்சிடுவார்டி."

"போனா குடிச்சிடுவேன். போகலைன்னா, படிச்ச திமிருல கடைசி விருந்துக்குக்கூட வரலன்னு ஆயிடும். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு."

"மூணாவது இருக்கு. நாங்களும் வர்றோம்."

"உங்களை யாரு கூப்பிட்டா?"

"நீதான் கூப்பிடப் போற. பஸ்காரரே, சனிக்கிழமை டியூட்டியா?"

வெய்க்கோ இல்லை என்று தலையாட்டினார். பிறகு, "சிங்கி புடிக்கும்" என்றார். அந்த வாரத்துக்கு அவருடைய பாதிக் கணக்கு தீர்ந்தது.

அங்கேயே ஒத்திகை நடந்தது. சோல்பிரிட் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பேர்ன்ட் மாமா ஆனாள். காபிக் கோப்பையைத் தூக்கி, "எங்க, படிச்ச பொண்ணு, ஊத்திக்கோ" என்றாள்.

"வேண்டாம், நன்றி."

"நன்றி எதுக்கு? நன்றி சொன்னா வெக்கப்படுறேன்னு அர்த்தம், இன்னும் ரெண்டு தடவ கேப்பான். வேண்டாம்னா வேண்டாம். மறுபடி சொல்லு."

பத்துத் தடவை சொல்ல வைத்தாள். பத்தாவது தடவை நான் மேசையைக் குத்தியதில் காபி சிந்தியது. "இது கொஞ்சம் ஜாஸ்தி" என்று துடைத்தாள். கோப்பை காலியாக இருந்தால் யாராவது ஊற்றிவிடுவார்கள், அதனால் எல்டர் என்ற செடியின் பூவில் செய்த இனிப்புச் சர்பத்தை நிரப்பி வைத்துக்கொள்வது என்று முடிவானது.

அப்பாவிடம் இரண்டு நண்பர்களைக் கூட்டி வருவதாகச் சொன்னேன். "உப்சாலாக்காரங்களா?" என்று கேட்டார். பஸ் டிரைவர் என்றதும் குரல் இளகியது.

சனிக்கிழமை. எழுபத்தோராம் நாள். தோட்டத்து ஆப்பிள் மரங்களுக்கு நடுவே நீள மேசை போட்டிருந்தது. பன்னிரண்டு நாற்காலி. நிலா முகம் வரைந்த காகித விளக்குகள் நல்ல வெயிலிலேயே தொங்கின. பெரிய பானையில் சிங்கிகள் தாம் வெந்த தண்ணீரிலேயே நேற்றிலிருந்து ஊறிக் கிடந்தன, மேலே சதகுப்பைப் பூ கொத்துக் கொத்தாக. அப்பா எங்கள் மூவர் தலையிலும் தொப்பியை மாட்டினார். வெய்க்கோவுக்குப் பச்சைத் தொப்பி சின்னதாகி உச்சியில் குந்திக்கொண்டது. அவர் கண்டுகொள்ளவில்லை.

முதல் பாட்டை பேர்ன்ட் மாமா ஆரம்பித்தார். மாமா எஃகு உருட்டும் ஆலையில் அப்பாவோடு முப்பது வருஷம் நின்றவர். இந்த மேசையில் சட்டம் போடுகிறவர் அவர்தான். பாடாமல் குடிக்கக்கூடாது, குடிக்காமல் பாடக்கூடாது என்பது அவர் சட்டம். பாடினோம். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தோம். மடக்கென்று விழுங்கினோம். ஒன்பது முகம் கோணியது, ஒன்பது தொண்டை 'ஹாஆ' என்றது. எங்கள் மூன்று பேர் முகம் மட்டும் சர்பத்தில் தித்தித்துப்போய் அப்படியே இருந்தது.

"யோவ் இங்கெமார்," என்றார் மாமா அப்பாவைப் பார்த்து, "உன் பொண்ணு என்னய்யா பூ ஜூஸ் குடிக்குது? நாளைக்கு நாக்கைச் சுத்தி ரோஜா மொளைக்கப் போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டாம் பாட்டுக்கு அப்பா பாட்டிலோடு மேசையைச் சுற்றி வந்தார். யாரோடோ பேசிக்கொண்டே, பழக்கத்தில், என் சர்பத்தைப் புல்லில் கொட்டிவிட்டுக் கோப்பையை ஸ்னாப்ஸால் நிரப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

என் முன்னால் இருந்தது. ஐஸில் வைத்த சாராயம், கோப்பை வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. வாசனை வந்தது. பத்துத் தடவை பேசிப் பழகிய வாய் வறண்டுவிட்டது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கடைசி வரிக்கு இன்னும் இரண்டே வரி. கோப்பையைத் தூக்கிவிட்டேன். எல்லோர் கையும் மேலே போகும்போது என் கையும் போனது, அவ்வளவுதான். மேசைக்கு அடியில் சோல்பிரிட்டின் செருப்பு என் காலை மிதித்தது. நன்றாகவே மிதித்தாள்.

கீழே வைத்தேன்.

"என்னம்மா, வச்சிட்ட?" என்றார் அப்பா.

"வேண்டாம்பா."

"ஒண்ணே ஒண்ணு. எனக்காக."

"வேண்டாம்."

அவர் முகம் சுருங்கியது. "புரியுது. எங்ககூட ஸ்னாப்ஸ் இறங்காது. அங்க போய் உப்சாலாக்காரங்களோட உக்காந்து ஒயினை மோந்து பாத்துக் குடிப்ப."

அங்கேதான் எனக்குப் பொறுமை போனது. "நான் எங்கயும் யாரோடயும் குடிக்கிறதில்லப்பா. எழுபத்தோரு நாள் ஆச்சு. போன வருஷம் இதே எடத்துல விழுந்தேன், எல்லாரும் சிரிச்சீங்க. நான் தனியா ரூமுலயும் அப்படித்தான் விழுந்துட்டிருந்தேன், அங்க சிரிக்க ஆள் இல்ல. என்னால தனியா நிறுத்த முடியல. அதனால இவங்ககிட்ட போனேன். இவங்க ரெண்டு பேரும் குடியை விட்டவங்க. இதுல திமிரும் இல்ல, உப்சாலாவும் இல்ல."

யாரும் ஓடு உடைக்கவில்லை. பேர்ன்ட் மாமா தன் தொப்பியைச் சரி செய்தார். அப்பா பாட்டிலைப் பிடித்தபடி நின்றார், எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல.

வெய்க்கோ எழுந்தார். என் கோப்பையை எடுத்துப் போய் ஆப்பிள் மரத்தடியில் கொட்டினார். பானைக்குப் போனார். கரண்டியால் சிங்கி வெந்த தண்ணீரை மொண்டு என் கோப்பையில் ஊற்றினார், சோல்பிரிட் கோப்பையில், தன் கோப்பையில்.

சோல்பிரிட் அதை மோந்து பார்த்துவிட்டு, "இதுல பீர் ஊத்தி வேகவச்சீங்களா?" என்று அப்பாவைக் கேட்டாள். "சில பேர் ஊத்துவாங்க."

"பீரா?" அப்பாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "உப்பு, சர்க்கரை, சதகுப்பை. வேற ஒண்ணும் கெடையாது. பீரைச் சிங்கிக்குக் குடுத்து வீணாக்க நான் என்ன மடையனா?"

"அப்ப சரி" என்றாள். வெய்க்கோ பாட ஆரம்பித்தார். இத்தனை வாரமாகச் செவ்வாய்தோறும் எங்களோடு உட்கார்ந்தவர், அவருக்குள் இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. பஸ் கிளம்புவது போல அடியிலிருந்து வந்தது. கடைசி வரிக்கு நாங்கள் மூவரும் எழுந்தோம், கண்ணைப் பார்த்தோம், மடக்கென்று விழுங்கினோம்.

கடலை முழுதாக விழுங்கியது போல் இருந்தது. உப்பு மூக்கு வழியாக ஏறியது. என் ஒரு கண் மூடிக்கொண்டது, சோல்பிரிட் மேசையை அறைந்தாள், வெய்க்கோவின் தொப்பி பறந்தது. 'ஹாஆஆ' என்று வந்த சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து நாய் குரைத்தது.

பிறகு பேர்ன்ட் மாமா நாற்காலியோடு பின்னால் சாயும் அளவுக்குச் சிரித்தார். "அந்த மூஞ்சியைப் பாருய்யா. முப்பது வருஷமாக் குடிக்கிறேன், எனக்கு அந்த மூஞ்சி ஒரு நாளும் வந்ததில்ல. எனக்கும் ஒண்ணு ஊத்து."

"உனக்குத் தாங்காது மாமா" என்றேன்.

"என்னது?"

"ஸ்னாப்ஸ் குடிக்கிறவங்களுக்கு இது தாங்காது. கொஞ்சம் காட்டமான சரக்கு."

அவர் குடித்தார். தாங்கவில்லை. பாதியைத் தாடியில் விட்டார். மேசை முழுக்கக் கை நீண்டது. நாலாம் பாட்டுக்குப் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் கையில் சிங்கித் தண்ணீர். யார் முகம் மாறாமல் குடிக்கிறார்கள் என்று பந்தயம். ஒருவரும் ஜெயிக்கவில்லை. ஸ்னாப்ஸ் பாட்டில் பனிக்கட்டி உருகி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. குடிக்கிறவர்கள் அதைத் தேடிப் போய்க் குடித்தார்கள். நான் தடுக்கவில்லை, அது என் வேலையில்லை.

உப்பு வேலையைக் காட்டியது. தாகம் தாங்காமல் ஒவ்வொருவராகத் தோட்டக் குழாய்க்கு எழுந்து போனோம். காகிதத் தொப்பியும் ஏப்ரனுமாக அத்தனை பேரும் வரிசையில் நின்று, குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தோம். எனக்கு முன்னால் அப்பா. குடித்துவிட்டு முகத்தைத் துடைத்தபடி திரும்பினார்.

"அந்த ரூமுல," என்றார் மெதுவாக, "நீ விழுந்தப்போ. அடி பட்டுச்சா?"

"ஒரு தடவ. புருவத்துல."

புருவத்தைப் பார்த்தார். தொடவில்லை. "எனக்கு நீ போன் பண்ணல."

"பண்ணினா திட்டுவீங்கன்னு நெனைச்சேன்."

"திட்டித்தான் இருப்பேன்" என்றார். "திட்டிக்கிட்டே வந்திருப்பேன்."

எனக்குப் பின்னால் சோல்பிரிட், "அப்பாவும் பொண்ணும் குழாயை விட்டு நகந்து நின்னு அழுங்க, எனக்கு நாக்கு ஒட்டிப்போச்சு" என்றாள்.

மேசைக்கு வந்ததும், அடுத்த பாட்டு இங்கெமாரின் பெண் பாடவேண்டும் என்று பேர்ன்ட் மாமா சட்டம் போட்டார். எழுந்து நின்று பாடினேன். நான் நன்றாகப் பாடுகிறவள் என்றுதான் இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். இரண்டாம் வரியில், தெளிவான காதோடு, என் குரலை முதல் முறையாகக் கேட்டேன். தகர டப்பாவை இழுத்துக்கொண்டு போவது போல் இருந்தது. நிறுத்திவிட்டேன்.

"நான் எப்பவுமே இப்படியா பாடுவேன்?"

மேசையில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்பவுமே" என்றார் அப்பா.

"யாரும் சொல்லவே இல்லையே."

"நீ கேக்குற நெலமையில இருந்தாத்தானே" என்றார். பானையிலிருந்து ஒரு கரண்டி மொண்டு என் கோப்பையை விளிம்பு வரை நிரப்பினார். "இன்னும் ரெண்டு வரி பாக்கி இருக்கு. சத்தமாப் பாடு."

சத்தமாகப் பாடினேன். பக்கத்துத் தோட்டத்து நாய்கூடச் சேர்ந்துகொண்டது.