வைரக்கண்ணுவின் விமானத்துக்கு ஒரு சைலன்சர்

அரியலூர் பஸ் ஷெட்டில் மிக்கேலுக்கு ஒரு பெருமை உண்டு. சண்டைக்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் முதுகில் கரி உலையைச் சுமந்துகொண்டு ஓடின அல்லவா, அப்போது அவன் கை வைத்த பஸ் ஒன்றுகூட வழியில் நின்றதில்லை. உலையிலிருந்து வருகிற வாயுவை வடிகட்டி இன்ஜினுக்கு அனுப்ப ஒரு டப்பா இருக்கும். அதில் தேங்காய் நாரை நனைத்து எந்த இறுக்கத்தில் அடைக்க வேண்டும் என்பது அவன் விரலுக்குத்தான் தெரியும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். அவனும் மறுக்கமாட்டான். நாலு வருஷம் சோறு போட்ட அந்த நாரே அவனைக் கவிழ்க்கப் போகிறது என்று அப்போது யார் கண்டது?

சண்டை முடிந்த மறு வருஷம், மாசி மாதம், குன்னத்துக்கு மேற்கே இருக்கிற ஒரு கிராமத்திலிருந்து வைரக்கண்ணு ஆளனுப்பியிருந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் பருத்திக்காடு வைத்திருந்த மனிதர். திருச்சியில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தண்ணீர் இறைக்கிற இன்ஜின் வாங்கப் போனவர், ஆகாய விமானத்தோடு திரும்பினார். ஆள் ஏறுகிற விமானம் இல்லை. சிப்பாய்கள் சுட்டுப் பழகுவதற்காகப் பறக்கவிட்ட குட்டி விமானம். குட்டி என்றாலும் இறக்கை ஒன்பது அடி. மூக்கில் பெட்ரோலில் ஓடுகிற இன்ஜின். உழைத்துச் சேர்த்ததை யாராவது இப்படிப் பறக்கவிடுவார்களா என்று கேட்கத் தோன்றும். அவர் உழைத்துச் சேர்த்தவர் இல்லை.

அதைப் பறக்கவிடும் முறை எளிது. ஓட்டுகிறவனும் கிடையாது, இழுத்துப் பிடிக்கக் கயிறும் கிடையாது. வாலை ஒரு பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்தால் வானத்தில் வட்டமடிக்கும். ஆஸ்பத்திரி அவுன்ஸ் கிளாஸில் அளந்து பெட்ரோல் ஊற்ற வேண்டும். ஒரு அவுன்ஸுக்கு ஒரு நிமிஷம். பெட்ரோல் தீர்ந்ததும் இன்ஜின் நின்று, சறுக்கிக்கொண்டு தானாக இறங்கிவிடும். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் திரும்பக் கூப்பிட வழியில்லை.

தை மாதம் முதல் தடவை பறக்கவிட்டபோது அது போட்ட சத்தத்தில் ஊரே கதிகலங்கியது. பருத்தி ஏற்றிவந்த அரியமுத்துவின் வண்டி மாடுகள் மிரண்டு ஓடி, வண்டிச் சக்கரம் அவன் தொடைமேலேயே ஏறிவிட்டது. எலும்பு முறிந்த காலை மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, ஏரிக்குக் கிழக்கே உள்ள கூரை வீட்டில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். விஷயம் ஸ்டேஷன்வரை போய், இனி அந்தச் சத்தம் கேட்டால் விமானத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று சப்-இன்ஸ்பெக்டர் எச்சரித்துவிட்டார். வைரக்கண்ணுவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “சத்தந்தானே உங்களுக்கு ஆகல? சத்தமே இல்லாம வுட்டுக் காட்டுறேன். மாசி கடைசி வெள்ளிக்கிழமை நீங்களே வந்து பாருங்க” என்று சவால் விட்டுவிட்டார். அதற்குத்தான் மிக்கேல்.

அவன் வந்து இறங்கிய அன்றே அரியமுத்துவின் பெண்டாட்டி கலியம்மாள், அவனுக்கு வேலை செய்ய ஒதுக்கியிருந்த வண்டிக் கொட்டகைக்கு வந்தாள். உள்ளே வராமல் படலுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

“அண்ணே, நீங்கதான் அந்த மிஷினுக்கு வாய்ப்பூட்டு போட வந்தவுங்களா?”

“ஆமாம்மா.”

“மாடு ஓடின ஓட்டம் இன்னும் அவரு கண்ணுக்குள்ளயே நிக்குது. ரோட்டுல பஸ்ஸு ஆரன் அடிச்சாக்கூட தூக்கிப் போடுது அவருக்கு. ஒரு சத்தமும் வரக்கூடாதுண்ணே. உங்கள கையெடுத்துக் கும்புடுறேன்.”

“வராது. நான் பொறுப்பு. நீ நிம்மதியா போம்மா” என்றான் மிக்கேல். அவன் அப்படி வாக்குக் கொடுத்தது வைரக்கண்ணுவுக்குக்கூட இல்லை.

வேலை லேசில் முடியவில்லை. முதலில் ஒரு பால் டப்பாவில் ஓட்டை போட்டுப் புகைக்குழாயில் மாட்டினான். புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜின் மூச்சு முட்டி இரண்டு உறுமலில் நின்றுபோனது. ஓட்டையைப் பெரிதாக்கினான்; இன்ஜின் ஓடியது, சத்தமும் கூடவே ஓடிவந்தது. பிறகு முழ நீளத் தகரக் குழாய் செய்து, உள்ளே மூன்று தடுப்பு வைத்து, விமானத்தின் வயிற்றை ஒட்டிக் கம்பியால் கட்டினான். சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆனால் மூக்கு கனத்து விமானம் குப்புறக் கவிழப் பார்த்தது. வாலில் ஈயத்துண்டு கட்டிச் சரிக்கட்டினான்.

“பாதி சத்தத்துக்கா உன்ன அரியலூர்லேர்ந்து கூட்டியாந்தேன்?” என்றார் வைரக்கண்ணு. “நாலு பேரு முன்னால என் மூஞ்சியில கரி பூசிடாத மிக்கேலு.”

குழாய்க்குள் எதையாவது அடைத்தால்தான் மிச்சச் சத்தம் அடங்கும். லேத்தில் கடைந்து விழுகிற இரும்புச் சுருளை அடைக்கலாம் என்று முதலில் நினைத்தான். அப்படியே செய்திருக்கலாம். ஆனால் இரும்பு கனம். வாலில் மறுபடி ஈயம் ஏற்ற வேண்டும். யோசித்துக்கொண்டே இருந்தவனுடைய விரல், கேட்காமலே தனக்குத் தெரிந்த வேலைக்குப் போனது. தேங்காய் நாரைப் பிரித்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கரி பஸ்ஸின் டப்பாவில் அடைக்கிற அதே பக்குவத்தில் அடைத்தான்.

கரி பஸ்ஸில் வாயு அந்த டப்பாவுக்கு வருவதற்குள் ஆறிவிடும். இங்கே இன்ஜினிலிருந்து நேராகக் கொதிக்கக் கொதிக்க வருகிற புகை. நாலு வருஷமாக அவன் அடைத்த நார் ஒன்றுகூடக் கருகியதில்லை என்பதால், நார் எரியும் என்பதே அந்த மனிதனுக்கு மறந்துபோயிருந்தது.

தரையில் வைத்தே ஓட்டிப் பார்த்தார்கள். தையல் மிஷின் ஓடுகிற அளவுக்குத்தான் சத்தம். பண்ணைக் காவல்காரன் தங்கசாமி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பெட்ரோல் கூப்பனுக்குத் தட்டுப்பாடு என்று வைரக்கண்ணு இரண்டு அவுன்ஸுக்கு மேல் தரவில்லை. அந்த இரண்டு நிமிஷமும் குழாய் முனையிலிருந்து வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது.

“ஏதோ கருகுற வாட அடிக்குதே?” என்றான் தங்கசாமி.

“கொழாய்க்குப் பூசின புதுப் பெயிண்டு. சூட்டுல அப்படித்தான் அடிக்கும்” என்றான் மிக்கேல். சொன்ன பிறகும் மூக்கு அவனை விடவில்லை. ராத்திரிவரை காரணம் தெரியாத ஒரு பயம் கூடவே இருந்தது. இத்தனை பேர் பாராட்டும்போது என்ன பயம் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஏரிக்குள் கூடினார்கள். பொட்டுத் தண்ணீர் இல்லாமல் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சப்-இன்ஸ்பெக்டருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மேல்காற்று விட்டுவிட்டு அடித்தது. மிக்கேல் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பறக்கவிட்டுப் பார்த்தான். மண் கிழக்கே போனது. கிழக்கே, கரைக்கு அப்பால், பதினொரு கூரை வீடுகள். ஆள் நடமாட்டமில்லை, நடக்க முடிந்தவர்களெல்லாம் பருத்தி எடுக்கப் போயிருந்தார்கள்.

“காத்து சரியில்லைங்க. வட்டம் கிழக்கால தள்ளிக்கிட்டே போவும். நாலு அவுன்ஸு போதுங்க” என்றான்.

“நாலு நிமிஷம் பாக்கவா இவரு இம்மாந்தூரம் வந்தாரு?” வைரக்கண்ணு கிளாஸைப் பிடுங்கித் தானே ஊற்றினார். எட்டு அவுன்ஸ். அப்போதாவது மிக்கேல் அவர் கையை மறித்திருக்கலாம். மறிக்கவில்லை. பண்ணைக்காரர் கையை மறிக்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் யாருக்கும் இல்லை.

விமானம் தள்ளுவண்டியிலிருந்து எழும்பியது. கரையில் மேய்ந்த ஆடு தலைதூக்கவில்லை. காக்கைகூட விலகவில்லை. அவ்வளவு பெரிய உருவம் அத்தனை அமைதியாகத் தலைக்குமேல் போவதைப் பார்க்க மிக்கேலுக்குப் பெருமைக்குப் பதிலாகப் பயம்தான் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று கைதட்டினார்.

முதல் வட்டம் ஏரிக்குள்ளேயே முடிந்தது. இரண்டாவது கரையைத் தொட்டது. ஐந்தாவது நிமிஷத்தில், குழாயிலிருந்து வந்த வெள்ளை ஆவி நின்று, இழை இழையாகக் கறுப்புப் புகை வரத் தொடங்கியது. மிக்கேல் அதைப் பார்த்தான். அன்றைக்கு அடித்தது என்ன வாடை என்பது அந்த நொடியில்தான் விளங்கியது. தண்ணீர் வற்றிவிட்டது, எண்ணெய்ப் புகையில் ஊறிய நார் பற்றிக்கொண்டுவிட்டது. இன்னும் மூன்று நிமிஷத்துக்குப் பெட்ரோல் இருக்கிறது. வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியவில்லை. எரிந்த நார்த்துணுக்குகள் விழுவது மட்டும் அவனுக்குத் தெரிந்தது. மூன்றாவது வட்டம் சாவகாசமாகக் கரையைத் தாண்டிக் கிழக்கே சென்றது.

“ஐயோ மாதாவே!” என்று கத்திக்கொண்டு ஓடினான். எதற்கு ஓடுகிறான் என்று யாருக்கும் புரியவில்லை.

அவன் கரை ஏறியபோது இரண்டு கூரைகள் பற்றி எரிந்துகொண்டிருந்தன. காற்றில் மூன்றாவதும் நாலாவதும் பற்றின. பருத்திக்காட்டில் பெண்கள் குனிந்தபடியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். நெருப்பு வெடிக்கிற ஓசை கேட்டபிறகுதான் நிமிர்ந்தார்கள். கலியம்மாள் தண்ணீர்க் குடத்தைப் போட்டுவிட்டுக் கிணற்றடியிலிருந்து ஓடிவந்தாள். உள்ளிருந்து அரியமுத்து கூப்பிட்டான், இரண்டே தடவை. மூங்கில் பத்தை கட்டிய காலோடு வாசற்படிவரை தவழ்ந்துவந்திருக்கிறான். எரிந்த கூரைச் சட்டம் அதற்குள் அவன்மேல் இறங்கிவிட்டது. மிக்கேல் கையை உள்ளே விட்டு இழுத்தான். முழங்கைவரை வெந்துபோனதுதான் மிச்சம்.

எட்டாவது நிமிஷம் பெட்ரோல் தீர்ந்து, விமானம் ஒரு கீறலும் இல்லாமல் ஏரிக்கரையில் வந்து இறங்கியது.

அன்று சாயங்காலம், கட்டுப் போட்ட கையோடு மிக்கேல் சைலன்சரைக் கழற்றிக் கொட்டினான். ஒரு பிடி சாம்பலும் கருகிய நார்த்துண்டு நாலும் விழுந்தன. பின்னால் நின்ற வைரக்கண்ணு சாம்பலைக் காலால் தேய்த்தார்.

“அடுப்பு நெருப்புன்னு ஊரே பேசுது. அடுப்ப அணைக்காம தண்ணிக்குப் போயிட்டேன்னு அரியமுத்து பொண்டாட்டியே சொல்றா. நீயும் அப்படியே வுட்டுரு.”

“பொய்யிங்க அது.”

“அப்ப உண்மையச் சொல்லு. நான் சத்தத்தக் கொறைக்கச் சொன்னேன். நாரு அடைக்கச் சொன்னேனா? கம்பி எண்ணப் போறவன் நீ. நல்லா யோசிச்சுக்க.”

மிக்கேல் யோசித்தான், அதை மறைத்துப் பயனில்லை. காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க ரோடுவரைக்கும் போய்விட்டான். பஸ் வந்து நின்றது, கண்டக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இவன் ஏறவில்லை. இறந்தவனைப் பற்றிய துக்கத்தைக்கூட எப்படியாவது சுமந்துவிடலாம். இருக்கிறவள் தலையில் பழியைக் கட்டிவிட்டு எந்தக் கோயிலில் போய் முழங்காலிடுவது?

சாவடியில் ஊர் கூடியிருந்தது. பதினொரு வீடும் எரிந்துபோய், பதினொரு குடும்பமும் வெட்டவெளியில் நின்றன. மூங்கிலும் பனையோலையும் தானே தருவதாக வைரக்கண்ணு சொல்லிவிட்டார். அதற்காக அவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கலியம்மாள் ஓரமாக மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பை அணைக்காமல் போன பாதகத்திக்கு இந்த ஊரில் இனி இடமில்லை என்று ஊர்ப் பெரியவர் சாமிதுரை தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தார். அவள் ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

மிக்கேல் நடுவில் வந்து, துணியில் முடிந்து வைத்திருந்த கருகிய நாரை அவிழ்த்து வைத்தான்.

“அடுப்பு இல்ல. இது. பிளேன் சத்தம் போடாம இருக்க நான் அடைச்சது. தீப்புடிச்சு, வூட்டு மேல கொட்டிட்டுப் போச்சு. நான் கண்ணால பாத்தேன். அந்தம்மா மேல குத்தம் இல்ல.”

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். யாரோ அவன் சட்டையைப் பிடித்தார்கள். ஒருவரும் வைரக்கண்ணுவின் பக்கம் திரும்பவில்லை. சப்-இன்ஸ்பெக்டருக்கு ஆள் போயிற்று. மிக்கேலுக்கு அது எதுவும் உறைக்கவில்லை. கலியம்மாள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதாவது அவள் நிமிர்வாள், பாரம் இறங்கி ஒரு மூச்சு அழுவாள், தன்னைக் காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தான். துப்பினால் நிம்மதி என்றுகூட நினைத்தான்.

அவள் எழுந்து வந்து, நார்த்துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மிஷினா? தலைக்கு மேலயா போச்சு?” என்று கேட்டாள். “கேக்கவே இல்லியேண்ணே. அந்தச் சத்தம் காதுல வுழுந்திருந்தா, அவரு பயந்துக்குவாருன்னு கொடத்தப் போட்டுட்டு அப்பவே ஓடியாந்திருப்பேனே.”

மிக்கேல் கட்டுப் போட்ட கையை நீட்டி அந்த நாரை வாங்கப் பார்த்தான். அவள் கொடுக்கவில்லை.

“சத்தமே வரக்கூடாதுன்னு உங்கள்ட்ட வந்து கும்புட்டது நாந்தானே?” என்றாள் கலியம்மாள். பிறகு, அவர்கள் தீர்ப்புச் சொன்னபடியே, ஊரைவிட்டுப் போகத் யாரோ கொடுத்திருந்த துணி மூட்டையை எடுத்துக்கொண்டாள்.